டெம்போ என்னும் காகிதக் கைக்குட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனம் தன் சரக்குக்கு வைத்த பெயர் அந்தப் பொருளுக்கே பெயராகி மக்கள் வாயில் நிலைத்துவிடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. காகிதக் கைக்குட்டைக்கு அமெரிக்காவில் 'க்ளீனெக்ஸ்' என்ற பெயரும் ஜெர்மனியில் 'டெம்போ' என்ற பெயரும் அப்படி நிலைத்தவை. இங்கே பெரிதும் பேசப்படுவது ஜெர்மன் பெயர்; ஒப்பிட வேண்டிய இடங்களில் மட்டும் மற்றது வரும். ஜெர்மனியில் குடியேறியவர்களும், அம்மொழியைக் கற்பவர்களும், வணிகச் சின்னங்களைப் பற்றி அறிய விரும்புபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

ஜெர்மனியில் ஒருவர் "டெம்போ இருக்கிறதா?" என்று கேட்டால் எதைக் கேட்கிறார்?

காகிதக் கைக்குட்டை ஒன்று கேட்கிறார். நீங்கள் வேறு நிறுவனத்தின் கைக்குட்டையை எடுத்து நீட்டினாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். உறையில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நண்பர்களுக்குள் "ஹாஸ்ட் டு மால் ஐன் டெம்போ?" என்று கேட்பது வழக்கம். அறிமுகமில்லாதவரிடம் மரியாதைப் பன்மையில் கேட்கும்போது 'டாஷன்டூக்' என்ற பொதுச்சொல்லைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் அங்கேயும் 'டெம்போ' என்று சொல்வதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. கையோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. சளி பிடித்திருக்கும்போது பொது இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பதைத்தான் ஜெர்மானியர் அநாகரிகமாகக் கருதுவார்கள். கைக்குட்டையை எடுத்து ஓசையோடு சிந்தித் துடைத்துவிடுவதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. நம்மவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம்.

இந்தப் பெயரை முதலில் பதிவு செய்தவர் யார்?

நியூரம்பெர்க் நகரில் இயங்கிய 'ஒன்றிணைந்த காகித ஆலைகள்' என்ற நிறுவனத்தின் இணை உரிமையாளர் ஓஸ்கார் ரோசன்ஃபெல்டர், 1929 ஜனவரி 29 அன்று பெர்லினில் இருந்த காப்புரிமை அலுவலகத்தில் 'டெம்போ' என்ற சின்னத்துக்கு விண்ணப்பித்தார். தூய மரக்கூழால் ஆன கைக்குட்டைக்கு அந்தப் பெயர் உரியதாயிற்று. அவரும் அவருடைய சகோதரர் எமிலும் சேர்ந்து நடத்திய அந்த ஆலை, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 'கமேலியா' என்ற பெயரில் பெண்களுக்கான மாதவிடாய்ப் பஞ்சுப்பட்டைகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய மரக்கூழ்த் தாளை அடுக்கி விற்கும் தொழில் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. கைக்குட்டை அதிலிருந்து பிறந்த அடுத்த சரக்கு.

ஏன் 'டெம்போ' என்று பெயரிட்டார்கள்?

ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேகம் என்று பொருள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் பெர்லின் போன்ற நகரங்களில் வேகமே நாகரிகமாக இருந்தது. 1928-இல் தொடங்கிய ஒரு பெர்லின் நாளிதழுக்குக்கூட 'டெம்போ' என்றுதான் பெயர் வைத்தார்கள். துணிக் கைக்குட்டையைத் துவைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, உலர்த்தி, தேய்த்து மடிக்கும் வேலை வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்திருந்த காலத்தில், துடைத்ததும் எறிந்துவிடலாம் என்ற சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. காசநோய் போன்ற நோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்ற அறிவு மக்களிடையே பரவியிருந்ததும் உதவிற்று. சளியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் திரிவதில் உள்ள அருவருப்பை விளம்பரக்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அதற்கு முன் காகிதத்தில் மூக்கைத் துடைக்கும் வழக்கமே கிடையாதா?

இருந்தது. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக மென்மையான கைத்தாளை மடித்து உடையின் மடிப்பில் செருகி வைத்திருப்பார்கள். ஜப்பானின் செண்டாய் பிரபுவின் தூதராக ரோமாபுரிக்குச் சென்றுகொண்டிருந்த ஹசேகுரா சுனேநாகாவின் கப்பல், 1615-இல் தெற்குப் பிரான்சில் உள்ள செயின்ட் ட்ரோபே துறையில் ஒதுங்கியது. அந்த ஜப்பானியர்கள் கையகலத் தாளில் மூக்கைச் சிந்தித் தெருவில் எறிந்ததும், அதைப் பொறுக்கி எடுக்க ஊர்மக்கள் முண்டியடித்தார்கள் என்று அப்போது அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மக்கள் அப்படி ஓடி வந்ததைக் கண்டு ஜப்பானியர்களுக்கு ஒரே வேடிக்கையாம். ஜெர்மனியிலேயே கூட, கியோப்பிங்கன் என்ற ஊரின் காகித ஆலை ஒன்று, கிளிசரின் ஊட்டி மென்மையாக்கிய காகிதக் கைக்குட்டைக்கு 1894-இல் காப்புரிமை பெற்றது. ஆக, பொருளைக் கண்டுபிடித்தவர்கள் ரோசன்ஃபெல்டர்கள் அல்லர். அதைப் பெருமளவில் ஆலையில் செய்து, நினைவில் நிற்கும் ஒரு பெயரோடு கடைக்குக் கொண்டுவந்ததுதான் அவர்களுடைய சாதனை. பெயர் நிலைப்பதற்கு அதுதான் தேவையாக இருந்தது.

ரோசன்ஃபெல்டர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

டெம்போவின் கதையில் பலர் தாண்டிச் சென்றுவிடும் பகுதி இது. அவர்கள் யூதர்கள். யூலியஸ் ஷ்ட்ரைஷர் என்ற நாஜித் தலைவர் அதே நியூரம்பெர்க்கிலிருந்து நடத்திய 'டெர் ஷ்டுர்மர்' என்ற யூத வெறுப்பு இதழ், கமேலியா உரிமையாளர்கள் என்று குறிப்பிட்டே அவர்களைத் தாக்கி எழுதியது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர்கள் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார்கள். அந்நியச் செலாவணிக் குற்றம் சாட்டப்பட்டு அவர்களுடைய சொத்துகள் அரசால் பறிக்கப்பட்டன. 1935-இல் அந்த ஆலையை வாங்கியவர் கஸ்டாவ் ஷிக்கெடான்ஸ். பக்கத்து நகரமான ஃபியூர்த்தில் 'க்வெல்லே' என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தை 1927-இல் தொடங்கியவர், 1932 முதல் நாஜிக் கட்சியின் உறுப்பினர். யூதர்களின் தொழில்களை யூதரல்லாதவர் கைக்கு மாற்றிய இந்த முறைக்கு அந்த ஆட்சி 'ஆரியமயமாக்கல்' என்று பெயர் சூட்டியிருந்தது. போருக்குப் பின் ஷிக்கெடான்ஸ் தொழில் நடத்த 1949 வரை தடை இருந்தது. அந்த ஆண்டு, நாஜித் தொடர்பு பற்றிய விசாரணையில் அவர் 'கூடப் போனவர்' என்ற இலேசான வகையில் சேர்க்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். பின்னர் மேற்கு ஜெர்மனியின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக உயர்ந்தார்.

உரிமை கைமாறியபோதும் பெயர் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரை விதைத்தவர்கள் நாட்டை விட்டே ஓட, அறுவடை மற்றவருக்குப் போயிற்று. இன்று ஒருவர் "டெம்போ கொடு" என்று கேட்கும்போது அந்த வரலாற்றில் எதுவும் அவர் மனத்துக்கு வருவதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் நிறுவன வரலாற்றை எழுதுபவர்கள் 1929-க்கும் 1950-களுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒரே வரியில் கடந்துவிடுவதைக் குறை சொல்லலாம்.

இப்போது டெம்போ யாருக்குச் சொந்தம்?

1994-இல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்டு கேம்பிள் வாங்கியது. 2007-இல் அந்த நிறுவனம் தன் ஐரோப்பியக் காகிதத் தொழிலை ஸ்வீடனின் எஸ்சிஏ நிறுவனத்துக்கு விற்றது. 2017-இல் எஸ்சிஏ இரண்டாகப் பிரிந்தபோது சுகாதாரப் பொருள்களின் பகுதி 'எசிட்டி' என்ற தனி நிறுவனமாயிற்று. டெம்போ அதனிடம் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவின் 'க்ளீனெக்ஸ்' இதற்கு முந்தியதா?

ஆம், ஐந்து ஆண்டுகள் முந்தியது; ஆனால் அது கைக்குட்டையாகப் பிறக்கவில்லை. கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் முதல் உலகப் போரில் புண்களைக் கட்டப் பருத்திப் பஞ்சுக்கு மாற்றாக மரக்கூழ்ப் பஞ்சைச் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய சரக்கையும் ஆலையையும் வைத்துக்கொண்டு 1920-இல் 'கோடெக்ஸ்' என்ற மாதவிடாய்ப் பட்டையைக் கொண்டுவந்தது. 1924-இல் முகப்பூச்சைத் துடைத்தெடுக்கும் தாளாக 'க்ளீனெக்ஸ்' வந்தது. நடிகைகள் ஒப்பனையைக் கலைக்கப் பயன்படுத்துவதாக விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் அதில் மூக்கைச் சிந்தத் தொடங்கினார்கள். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் இருவகை விளம்பரத்தையும் வெளியிட்டு மக்களிடம் கேட்டுப் பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்டோர் கைக்குட்டைக்குப் பதிலாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. 1930 முதல் விளம்பரமும் அந்தப் பக்கம் திரும்பிற்று.

நியூரம்பெர்க்கிலும் அமெரிக்காவிலும் ஒரே பாதைதான்: முதலில் மாதவிடாய்ப் பட்டை, அதன் பின் கைக்குட்டை. முதல் சரக்கின் பெயரைக் கடையில் உரக்கச் சொல்லவே அக்காலத்துப் பெண்கள் கூசினார்கள். இரண்டாவது சரக்கின் பெயரோ எல்லோர் வாயிலும் புகுந்தது.

தமிழ்நாட்டில் சரக்கு ஏற்றும் டெம்போ வண்டிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

நிறுவனத் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டும் ஜெர்மன் வணிகப் பெயர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஹாம்பர்க் நகரில் 'விடால் அண்டு சன்' என்ற குடும்ப நிறுவனம் 1920-களிலிருந்து 'டெம்போ' என்ற பெயரில் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளைச் செய்து வந்தது. அதன் உரிமத்தைப் பெற்று 1958-இல் இந்தியாவில் 'பஜாஜ் டெம்போ' நிறுவனம் தொடங்கிற்று. 2005-இல் அது 'ஃபோர்ஸ் மோட்டார்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள் எந்த நிறுவனம் செய்த சிறு சரக்கு வண்டியானாலும் அதை 'டெம்போ' என்றே அழைக்க நம் ஊர் பழகிவிட்டது. நிறுவனம் பெயரை விட்டுவிட்டது. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றிவரும் வண்டி இன்றும் டெம்போதான். ஒரே சொல், இரண்டு சரக்குகள், இரண்டு நாடுகள், ஆனால் நடந்தது ஒன்றே.

எல்லோரும் பொதுச்சொல்லாகப் பயன்படுத்தினால் நிறுவனம் பெயரின் உரிமையை இழந்துவிடுமா?

இழக்கலாம், ஆனால் அது தானாக நடப்பதில்லை. நாட்டுக்கு நாடு அளவுகோலும் வேறு. ஜெர்மனியின் வணிகச் சின்னச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, ஒரு சின்னம் அந்தப் பொருளின் வழக்கமான பெயராகிவிட்டால் அதை நீக்கலாம் என்கிறது. ஆனால் அந்த மாற்றம் உரிமையாளரின் செயலாலோ செயலின்மையாலோ நேர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைக்கிறது. மக்கள் பேசுவது மட்டும் போதாது. உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்பதும் காட்டப்பட வேண்டும்.

இந்தச் செயலின்மை எப்படிப்பட்டது என்பதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஓர் ஆஸ்திரிய ரொட்டி வழக்கில் விளக்கிற்று. 'கோர்ன்ஷ்பிட்ஸ்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் மாவுக் கலவையைச் செய்து அடுமனைகளுக்கு விற்றது. அடுமனைக்காரர்கள் அதில் நீள ரொட்டி சுட்டு அதே பெயரில் விற்றார்கள். அது ஒருவருக்குச் சொந்தமான பெயர் என்று அடுமனைக்காரர்களுக்குத் தெரியும். வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியாது, அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. கடைசியில் வாங்குபவரின் கண்ணுக்கு அது வெறும் ரொட்டிப் பெயராகிவிட்டால் உரிமை பறிபோகலாம் என்றும், விற்பவர்களை எச்சரிக்காமல் விட்டதே செயலின்மை ஆகலாம் என்றும் நீதிமன்றம் கூறிற்று. டெம்போவின் உரிமையாளர்கள் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம், உறையில் அந்தப் பெயர் ஒரே நிறுவனத்துடையது என்பது வாங்குபவருக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான். பேச்சில் எதையும் டெம்போ என்று அழைப்பவரே, கடையில் நிற்கும்போது டெம்போவையும் கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவான கைக்குட்டையையும் விலை பார்த்துப் பிரித்தறிகிறார்.

அமெரிக்காவில் அளவுகோல் வேறு. ஒரு பெயரைக் கேட்டதும் மக்கள் மனத்தில் முதன்மையாகத் தோன்றுவது பொருளா, அதைச் செய்தவரா என்பதே அங்கே கேள்வி. உரிமையாளர் மேல் தவறு இருந்ததா என்பது அவ்வளவாகப் பார்க்கப்படுவதில்லை. 'ஆஸ்பிரின்' 1921-இல் நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்பால் அங்கே பொதுச்சொல்லாகிவிட்டது. ஜெர்மனியில் அதே பெயர் இன்றும் பேயர் நிறுவனத்தின் பதிவுச் சின்னம். 'க்ளீனெக்ஸ்' இன்றுவரை தப்பித்திருக்கிறது. இந்தியாவில் 'ஜெராக்ஸ்' என்ற பெயரை நீக்கக் கோரிய மனுக்களைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2012-இல் ஏற்கவில்லை. தெருவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உள்ள நாட்டில் இப்படி ஒரு முடிவு வந்தது என்பதிலிருந்தே, பேச்சு வழக்கும் சட்டமும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்று அறியலாம்.

அகராதியில் 'டெம்போ' கைக்குட்டைப் பொருளில் இடம்பெற்றிருக்கிறதா?

ஜெர்மன் மொழியின் புகழ்பெற்ற டூடன் அகராதியில் உண்டு; பெயரின் அருகே வட்டத்துக்குள் ஆர் எழுத்து இட்டுப் பதிவுச் சின்னம் என்று காட்டியிருப்பார்கள். இது அகராதிக்காரர்களின் பெருந்தன்மை என்று எண்ணிவிட வேண்டாம். அகராதி போன்ற நூலில் தன் சின்னம் பொதுச்சொல் போலத் தோன்றினால், அது பதிவு பெற்றது என்ற குறிப்பைச் சேர்க்கும்படி பதிப்பாளரிடம் கேட்க உரிமையாளருக்கு அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த ஒற்றை எழுத்துக்காக நிறுவனங்கள் மெனக்கெடுவது வீம்பு அல்ல. 49-ஆம் பிரிவு குறிப்பிடும் செயலின்மைக் குற்றச்சாட்டுக்கு அதுவே பதில்.

நான் பேச்சிலோ கட்டுரையிலோ அந்தப் பெயரைப் பொதுச்சொல்லாகப் பயன்படுத்தினால் சிக்கல் வருமா?

வராது. வணிகச் சின்ன உரிமை என்பது சரக்கை விற்கும் இடத்தில் பிறர் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்வதைத் தடுப்பது. மக்கள் எப்படிப் பேச வேண்டும் என்று ஆணையிடுவது அன்று. நீங்கள் கைக்குட்டை செய்து 'டெம்போ' என்று உறையில் அச்சிட்டால்தான் வழக்கறிஞரின் கடிதம் வரும். விளம்பரம், கடைப் பலகை, விலைப்பட்டியல் எழுதுபவர்கள் மட்டும் பொதுச்சொல்லைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

எல்லா ஊரிலும் இப்படி ஒரு நிறுவனப் பெயர்தான் வழங்குகிறதா?

இல்லை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் 'க்ளீனெக்ஸ்' வென்றது. ஸ்பானிய மொழிக்கழகம் அதைத் தன் எழுத்து மரபுக்கு ஏற்ப 'கிளினெக்ஸ்' என்று திருத்தி அகராதியில் சேர்த்துவிட்டது. பிரெஞ்சில் ஒருவரைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிவதைச் சொல்லவும் அந்தப் பெயர் மரபுத்தொடரில் புகுந்திருக்கிறது. எந்த விளம்பரத் துறையும் விரும்பாத புகழ் அது. ஆஸ்திரியாவில் 'ஃபே' என்ற உள்ளூர்ப் பெயர் வழங்கியது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தபோது கிழக்குப் பகுதியில் 'கிரீபா' கைக்குட்டைகள் விற்றன. ஹாங்காங்கில் இன்றும் 'டெம்போ' என்றே கேட்கிறார்கள். பிரிட்டனிலோ 'டிஷ்யூ' என்ற பொதுச்சொல்லே போதுமானதாக இருந்தது. தமிழர்கள் பேச்சில் வந்ததும் அதுவே. எந்த நாட்டில் எந்த நிறுவனம் முதலில் சந்தையை நிரப்பியதோ, அங்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதைத் தவிர இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

டெம்போ சலவை இயந்திரத்தில் சிக்கினாலும் முழுதாகக் கரைவதில்லையே, கழிப்பறைத் தாள் மட்டும் கரைகிறதே?

இரண்டும் மரக்கூழ்தான். ஊசியிலை மரங்களின் நீண்ட நார் வலிமையைத் தர, யூகலிப்டஸ் போன்றவற்றின் குட்டை நார் மென்மையைத் தருகிறது. ஈரக்கூழை ஒரு பெரிய வெப்ப உருளையில் ஒட்டி உலர்த்தி, கத்தி அலகால் சுரண்டி எடுக்கும்போது தாளில் நுண்ணிய சுருக்கங்கள் விழுகின்றன. மென்மையும் நெகிழ்வும் அந்தச் சுருக்கங்களால் வருபவை. வேறுபாடு பிசினில் இருக்கிறது. கைக்குட்டைத் தாளில் நார்களை ஈரத்திலும் பிடித்து நிறுத்தும் ஈரவலிமைப் பிசின் சேர்க்கப்படுகிறது. கழிப்பறைத் தாளில் அது வேண்டுமென்றே தவிர்க்கப்படுகிறது. ஆகவே கைக்குட்டையைக் கழிப்பறையில் போட்டு நீர் விடக் கூடாது: அது கலையாமல் குழாயில் திரண்டு அடைத்துக்கொள்ளும். நான்கு அடுக்குத் தாளாக இருப்பதால் இன்னும் மோசம்.

பயன்படுத்திய கைக்குட்டையை எந்தக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்?

ஜெர்மனியில் பழைய காகிதத்துக்கான நீலத் தொட்டியில் போடக் கூடாது. அழுக்குப் பட்டிருப்பதும், நார் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இல்லாமல் ஈரவலிமைப் பிசினோடு இருப்பதும் காரணங்கள். எஞ்சிய குப்பைக்கான தொட்டியே அதற்கு உரிய இடம். சில நகராட்சிகள் சிறிதளவை மக்கும் குப்பையோடு ஏற்கின்றன. உங்கள் நகராட்சி ஆண்டுதோறும் வீட்டுக்கு அனுப்பும் குப்பை அட்டவணையில் இது எழுதியிருக்கும். மேல் மடலில் ஒட்டுத்தாள் உள்ள அந்தச் சிறிய பிளாஸ்டிக் உறை மட்டும் மஞ்சள் தொட்டிக்கோ மஞ்சள் பைக்கோ போக வேண்டும்.

கறுப்புக் கால்சட்டைப் பையில் ஒரு டெம்போ இருந்ததை மறந்து துவைத்துவிட்டேன். துணியெல்லாம் வெள்ளைத் துகள். என்ன செய்வது?

உடனே மறுபடி துவைக்க வேண்டாம். ஈரத் துகள் இன்னும் நன்றாகப் பதிந்துவிடும். துணியை இயந்திரத்திலிருந்து எடுத்து வெளியே நன்றாக உதறி, முழுவதும் காயவிட்டு, அதன் பின் ஒட்டும் உருளையால் எடுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் பெரும்பகுதியை அதன் வடிகட்டியே பிடித்துக்கொள்ளும். சலவை இயந்திரத்தின் ரப்பர் வளையத்தின் மடிப்பையும் கீழே உள்ள வடிகட்டியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காலியாக ஒரு முறை ஓடவிட்ட பிறகு அடுத்த துணியைப் போடுங்கள்.